ஒரே வகுப்பு, ஒரே வயசு: கல்லூரி நட்பு நிச்சயதார்த்தம் வரை வந்து சேர

கல்லூரிக் காதல் ஏன் உடைகிறது என்று கேட்டால் சாதி, மதம், வசதி என்று வரிசையாகச் சொல்வார்கள். எல்லாமே உண்மைதான். ஆனால் சென்னையில் இவற்றுக்கெல்லாம் முன்னால் குறுக்கே வந்து நிற்பது வயசு. ஒரே வகுப்பில் படித்த இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. பெண்ணுக்கு 23 முடிந்ததும் வீட்டில் ஜாதக நோட்டை எடுத்துவிடுகிறார்கள். அதே 23-ல் பையன் வீட்டில், "அவனுக்கு என்ன அவசரம், ஒரு 28 ஆகட்டும்" என்கிறார்கள். இந்த நாலைந்து வருட இடைவெளியில்தான் நல்ல நட்பாக வளர்ந்த பல காதல்கள் கை நழுவிப் போகின்றன. இருவரில் யாரும் யாரையும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். அவள் வீட்டில் காலம் ஓடும் வேகமும் அவன் வீட்டில் ஓடும் வேகமும் வேறு, அவ்வளவுதான்.

அதனால் இந்தக் கட்டுரை முழுக்கக் காலக் கணக்கைப் பற்றியது. எதை எப்போது பேச வேண்டும், யாரிடம் முதலில் சொல்ல வேண்டும், எது தாமதமானால் என்ன கெடும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நட்பு தொடங்கும் விதம் பெரும்பாலும் சாதாரணமானது. பொறியியல் கல்லூரிகளில் லேப் குழுவை வரிசை எண்படிப் பிரிப்பார்கள், வரிசை எண் பெயரின் அகரவரிசைப்படி போகும். அதனால் பக்கத்துப் பக்கத்து எழுத்தில் பெயர் தொடங்குகிறவர்கள் எட்டு செமஸ்டரும் ஒரே மேஜையில் நிற்பார்கள். ரெக்கார்ட் நோட்டு, இன்டர்னல் மார்க், அரியர், பிளேஸ்மென்ட் என்று எல்லாவற்றையும் சேர்ந்தே கடப்பார்கள். புறநகர்க் கல்லூரிகள் சிலவற்றில் ஆணும் பெண்ணும் வளாகத்துக்குள் நின்று பேசவே தடை, கல்லூரிப் பேருந்திலும் தனித்தனி வரிசை. அங்கே படிப்பவர்களின் நட்பு தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலிலோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோதான் வளர்கிறது. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி பேருந்தைக் கேட்டால் பல தலைமுறைக் கதை சொல்லும்.

இந்த நட்புக்கு முதல் சோதனை கல்லூரி முடிந்த பிறகு வருகிறது. அதுவரை சந்திப்பை டைம்டேபிள் பார்த்துக்கொண்டது. இனி ஒருவர் சிறுசேரியில், மற்றவர் ஆவடியில். நடுவில் போக்குவரத்தோடு சேர்த்து இரண்டு மணி நேரம். வேலை கிடைத்தவருக்கும் இன்னும் தேடிக்கொண்டிருப்பவருக்கும் நடுவில் ஒரு கூச்சமும் வந்து உட்காரும். முதல் ஆறு மாதம் கழித்தும், காரணம் எதுவும் இல்லாமல் ஒருவரையொருவர் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள் என்றால் அந்த உறவுக்குச் சொந்தக் கால் இருக்கிறது. நாலு வருடப் பழக்கத்தைவிட இந்த ஆறு மாதத்தைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

மனசில் இருப்பதைச் சொல்லும்போது செட் நண்பர்களுக்கு முன்னால் சொல்லவே கூடாது. பிறந்தநாள் கேக்கோடு, கைதட்டலோடு, வீடியோ எடுத்துக்கொண்டு கேட்டால் எதிரே இருப்பவருக்கு மறுக்க வழியே இல்லாமல் போகிறது. அப்படி வாங்கிய சம்மதம் அடுத்த வாரமே ஆட்டம் காணும். இருவர் மட்டும் இருக்கும் பொது இடத்தில், பகலில், திரும்பிப் போக இருவருக்கும் தனித்தனி வழி இருக்கும்போது கேளுங்கள். "இப்பவே பதில் சொல்லணும்னு இல்ல" என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அது இல்லைதான். நண்பர்களைத் தூது விட்டு மனசை மாற்றப் பார்ப்பது மிச்சமிருக்கும் நட்பையும் கெடுத்துவிடும்.

சம்மதம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வருவதைத்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். "நாலு வருஷமா தெரியுமே, புதுசா பேச என்ன இருக்கு" என்ற நினைப்பு. கேன்டீனில் தெரிந்த ஆள் வேறு, வீட்டுக்குள் இருக்கிற ஆள் வேறு. நண்பர்களாக இருந்த காலத்தில் தேவைப்படாத கேள்விகள் நிறைய. கல்விக் கடன் எவ்வளவு, இஎம்ஐ எப்போது தொடங்குகிறது? வழக்கமான கல்விக் கடனில் படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை தொடங்காது என்பதால், முதல் வருடச் சம்பளத்தை வைத்துப் போட்ட கணக்கு இரண்டாம் வருடம் பொய்த்துப் போகும். தங்கை கல்யாணம் முடிந்த பிறகுதான் தன்னுடையதா? அப்பா ஓய்வு பெற இன்னும் எத்தனை வருடம்? கல்யாணத்துக்குப் பிறகு அம்மா அப்பாவோடு இருப்பதா, தனி வீடா? தனி வீடு என்றால் அட்வான்ஸுக்குப் பணம் யாரிடமிருந்து வரும்? ஒரு வீட்டில் தினமும் மீன், இன்னொரு வீட்டில் முட்டைகூடக் கிடையாது என்றால் சமையலறை எப்படி நடக்கும்? வேலைக்காக வெளிநாடு போகும் ஆன்சைட் வாய்ப்பு வந்தால் மற்றவரின் வேலை என்ன ஆகும்? ஒரே நாளில் இத்தனையும் பேச முடியாது. ஆனால் வீட்டில் சொல்வதற்கு முன் பேசி முடித்திருக்க வேண்டும். பெரியவர்கள் முதல் அரை மணி நேரத்தில் கேட்கப் போவது இவற்றைத்தான். இருவரும் ஆளுக்கொரு பதில் சொன்னால், "இதுங்களுக்கே தெளிவில்ல" என்று அங்கேயே பேச்சை முடித்துவிடுவார்கள்.

நட்பிலிருந்து வந்த காதலுக்கென்றே தனியாக ஒரு வலி உண்டு. அவன் அவள் வீட்டுக்குப் பலமுறை வந்திருப்பான். அம்மா தோசை சுட்டுப் போட்டிருப்பார். அப்பா அவன் வேலை பற்றி அக்கறையாக விசாரித்திருப்பார். விஷயம் தெரிந்ததும் அம்மாவிடமிருந்து முதலில் வரும் வார்த்தை, "ஃபிரெண்டுன்னு சொல்லித்தானே வீட்டுக்குள்ள வந்தான்." இதைப் பலர் சாதிப் பேச்சின் முன்னுரை என்று எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சண்டைக்குப் போகிறார்கள். பல வீடுகளில் அது நிஜமான காயம். நம்பிச் சோறு போட்டவர் ஏமாந்துபோனதாக நினைக்கிறார். இதைத் தவிர்க்க ஒரே வழிதான் உண்டு. இருவரும் முடிவு செய்துவிட்ட பிறகு வெறும் நண்பராக அந்த வீட்டுக்குப் போய் வருவதை நிறுத்திவிட வேண்டும். ஓரிரு மாதத்துக்குள் வீட்டில் சொல்லிவிட வேண்டும். வருடக்கணக்கில் நண்பர் வேஷம் தொடர்ந்தால், பின்னால் மன்னிப்புக் கேட்டாலும் அம்மாவின் மனசு ஆற வெகுநாள் ஆகும்.

சொல்ல வேண்டிய நேரம் எது? ஜாதகம் வீட்டை விட்டு வெளியே போவதற்கு முன்பு. தரகர் கைக்கோ திருமணத் தகவல் தளத்துக்கோ போய்விட்டால் அப்பா நாலு பேரிடம் வாக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுவார். பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்து போன பிறகு சொன்னால் காதலோடு மானப் பிரச்சனையும் சேர்ந்துகொள்கிறது. 23 வயசில் பெண் தன் வீட்டில் பேசும்போது, பையனும் அதே மாதத்தில் தன் வீட்டில் பேசியாக வேண்டும். "முதல்ல உங்க வீட்டுல சரி சொல்லட்டும், அப்புறம் நான் சொல்றேன்" என்று அவன் ஒதுங்கினால், அவளை மட்டும் புயலில் நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து பார்ப்பதாகத்தான் அர்த்தம். இந்த இடத்தில் நான் பெண் பக்கம்தான் பேசுவேன். காலம் அவளுக்குத்தான் குறைவாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவளிடம் அவள் அப்பா கேட்கப் போகும் கேள்வி, "அவங்க வீட்டுக்குத் தெரியுமா?" அதற்கு "தெரியும்" என்ற பதில் கையில் இருக்க வேண்டும்.

சொல்லும் விதமும் முக்கியம். பண்டிகை நாள் காலை வேண்டாம், விருந்தாளி இருக்கும்போது வேண்டாம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மூலம் யாரோ கண்டுபிடிக்கும்படி விடவே வேண்டாம். அம்மாவிடம் சொல்லி அவர் வழியாக அப்பாவுக்குப் போவது வழக்கம். ஆனால் சில வீடுகளில், "எனக்குக் கடைசியாத்தான் தெரிஞ்சுதா" என்று அப்பா அதையே குற்றமாக எடுத்துக்கொள்வார். உங்கள் வீடு எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். தாய்மாமனை மட்டும் மறக்காதீர்கள். சம்மதமான கல்யாணத்தில்கூட, கடைசியில் தகவல் கேள்விப்பட்ட தாய்மாமன் மேடைக்கு வராமல் இருந்துவிடலாம். பெயர், ஊர், வேலை, பெற்றோர் செய்யும் தொழில், குடும்பத்தில் எத்தனை பேர் என்பதையெல்லாம் கேட்காமலே சொல்லிவிடுங்கள். "என்ன ஆளுங்க?" என்ற கேள்வி எப்படியும் வரும். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். மறைத்து வைத்து, அரை மனசாகச் சம்மதித்த பிறகு அது தெரியவந்தால் நீங்கள் சொன்ன மற்ற எல்லாமும் சந்தேகத்துக்குள்ளாகும்.

சாதியைக் காரணம் காட்டி மறுப்பது அநியாயம். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பொறுமையாகப் பேசிப் பேசிக் கரைந்த வீடுகள் நிறைய உண்டு, ஒரு வருடம் வரை எடுத்துக்கொண்டாலும் சரிதான். ஆனால் போனைப் பிடுங்குவது, வீட்டில் அடைப்பது, ஊருக்கு அனுப்புவது, மிரட்டுவது என்று தொடங்கிவிட்டால் அது பேச்சுவார்த்தை நேரம் அல்ல. பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112. சென்னை உயர்நீதிமன்றத்தின் 2016 தீர்ப்புக்குப் பிறகு கலப்புத் திருமணத் தம்பதியர் பாதுகாப்புக்கு மாவட்டம்தோறும் தனிப்பிரிவு அமைக்க உத்தரவு இருக்கிறது. வயது வந்த இருவர் விரும்பி மணக்க, குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று 2018-ல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடிந்திருக்க வேண்டும், அவ்வளவே. ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்கள் வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஓர் இடத்தில் இருக்கட்டும்.

மதம் வேறு என்றால் சிறப்புத் திருமணச் சட்டம், 1954. இதில் நாள் கணக்கு உண்டு. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் வசித்திருக்க வேண்டும். திருமணப் பதிவு அலுவலரிடம் நோட்டீஸ் கொடுத்த பிறகு 30 நாள் காத்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் முடிய வேண்டும், இல்லாவிட்டால் புதிதாக நோட்டீஸ். சாட்சிகள் மூன்று பேர். நிச்சயதார்த்தத்தில் தேதியை அறிவித்துவிட்டு நோட்டீஸை மறந்துவிட்டால் மண்டபம் தயாராக இருக்கும், பதிவு தயாராக இருக்காது. ஐயர் வேண்டாம் என்று நினைக்கும் இந்து ஜோடிகளுக்கு 1967-ல் அண்ணா ஆட்சியில் வந்த சட்டத் திருத்தத்தின்படி சுயமரியாதைத் திருமணமும் முழுச் சட்டத் தகுதி உடையது. மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும்.

சம்மதம் பாதி வந்த நிலையில் ஜாதகம் வெளியே வரும். நேரடியாக மறுக்க மனசில்லாத பெற்றோருக்கு, "ரஜ்ஜு தட்டுது", "செவ்வாய் இருக்கு" என்பது மரியாதையான கதவடைப்பு. இரு வீட்டாரும் ஒப்புக்கொள்ளும் ஒரே ஜோசியரிடம் ஒரே முறை பார்ப்பது என்று முன்பே பேசிவைத்துவிடுங்கள். ஆளுக்கொரு ஜோசியர் என்றால் ஆளுக்கொரு பதில்தான் வரும். பொருந்தவில்லை என்றாலும் பல வீடுகளில் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, ஒரே அளவுக் காகிதத்தில் ஒரே மாதிரி மடித்த இரண்டு பொட்டலம். சாமி பாதத்தில் வைத்து எடுத்து, அங்கே நிற்கும் ஒரு குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். நம்பிக்கை இல்லாதவர்கள்கூட அந்த நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். பெற்றோருக்குத் தன்மானம் குறையாமல் சம்மதிக்க அது ஒரு வாசல். நினைத்த பூ வந்தால் மறுபடி ஜாதகப் பேச்சை எடுக்க மாட்டார்கள்.

இரு குடும்பமும் முதலில் சந்திக்க வடபழனி முருகன் கோயிலோ மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலோ நல்ல இடம். அங்கே யாரும் யாருக்கும் விருந்தாளி இல்லை, கை நனைப்பதா வேண்டாமா என்ற சங்கடமும் இல்லை. சம்மதம் ஆவதற்கு முன் அடுத்த வீட்டில் சாப்பிடுவதைப் பல பெரியவர்கள் ஒப்புதலாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்துக்கு நாலைந்து பேர் போதும், மூன்று பேராக மட்டும் போக வேண்டாம் என்பார்கள். அந்த ஒரு மணி நேரம் இருவரும் கொஞ்சம் அடக்கமாக இருப்பது நல்லது. நாலு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்தான். ஆனால் "போடா லூசு" என்று அவள் இயல்பாகச் சொல்வது அவன் பாட்டியின் காதில் வேறு மாதிரி விழும். உங்களுக்குள் எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்கள் முன் பெயர் சொல்லிப் பேசினாலே போதும், ஒரேயடியாக "வாங்க, போங்க" என்று நடிக்கவும் வேண்டாம்.

இனி நிச்சயதார்த்தம். இதில் அதிகமாகக் கெடுவது ஜாக்கெட். சிரிக்காதீர்கள். பெண் தன் வீட்டுப் புடவையில் வந்து உட்காருவாள். மாப்பிள்ளை வீட்டார் தட்டில் கொண்டுவரும் பட்டுப் புடவையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், அதைக் கட்டிக்கொண்டு வந்து சபையில் நிற்க வேண்டும். அதற்கான ஜாக்கெட் துணி அந்தப் புடவையின் நுனியிலேயே இருக்கிறது. புடவை அன்றைக்குத்தான் கைக்கு வருகிறது என்றால் எதைத் தைப்பது? அதனால் தி.நகரில் புடவை எடுக்கும்போதே ஜாக்கெட் துணியை வெட்டிப் பெண் வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆரி வேலை என்றால் தையல்காரர் மூன்று வாரம் கேட்பார், முகூர்த்த மாதத்தில் இன்னும் கூடும். ஃபால்ஸ் அடித்து, ஓரம் மடித்து, முந்தானைக் குஞ்சம் கட்டவும் நாள் வேண்டும். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்க, உள்ளே ஊக்கு குத்திக்கொண்டு நிற்பதெல்லாம் இதை யாரும் யோசிக்காததால்தான். முன்கூட்டியே கொடுத்தால் சாஸ்திரம் என்னாகும் என்று மாமியார் தயங்கலாம். தட்டில் புடவை வரட்டும், ஜாக்கெட் மட்டும் முன்னால் போகட்டும் என்று சொன்னால் ஒத்துக்கொள்வார்.

வரிசைத் தட்டு ஒற்றைப்படையில் இருக்கும், 7, 9, 11, 21 என்று. 11 தட்டு என்றால் வெற்றிலை பாக்கு மஞ்சள் தேங்காய் ஒன்று, பூ ஒன்று, பழம் மூன்று, இனிப்பு ஒன்று, கற்கண்டு ஒன்று, முந்திரி பாதாம் ஒன்று, குங்குமச் சிமிழ் வளையல் கண்ணாடி சீப்பு ஒன்று, புடவை ஒன்று, மோதிரம் ஒன்று. தட்டுக்கு ஓர் ஆள் தூக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டு ஒரு காரில் ஐந்து பேர் மட்டும் கிளம்புவார்கள். மாப்பிள்ளை வீட்டார் 21 தட்டோடு வந்து, பெண் வீட்டில் 9 மட்டும் இருந்தால் பெண் வீட்டார் முகம் வாடிவிடும். இங்கேதான் நட்பின் பலன் தெரிகிறது. பார்த்து வைத்த கல்யாணத்தில் சம்பந்தியிடம் கேட்கக் கூசும் கேள்வியை, இவர்கள் இரண்டு வரி மெசேஜில் தீர்த்துவிடலாம். எத்தனை தட்டு, எத்தனை பேர், செலவு யாருடையது, எல்லாவற்றையும் அப்படியே பேசிக்கொள்ளுங்கள். பல சமூகங்களில் நிச்சயம் பெண் வீட்டுச் செலவு என்பது வழக்கம். ஒரே சம்பளம் வாங்கும் இருவர் என்றால் பாதிப் பாதி என்று கேட்பதில் தப்பே இல்லை.

நாள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் அமையும். அன்று எமகண்டம் பகல் 12 முதல் 1.30 வரை, ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை. எனவே காலையில் தட்டு மாற்றி மதியச் சாப்பாடு, அல்லது மாலை ஆறுக்கு மேல் தட்டு மாற்றி இரவுச் சாப்பாடு. மாலை ஐந்துக்கு என்று பத்திரிகை அடித்துவிட்டுப் பெரியவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம். ஆடியும் மார்கழியும் கிடையாது, புரட்டாசியைச் சிலர் தவிர்ப்பார்கள். பந்தி தொடங்கும் முன் வாழை இலைக் கட்டுகளை இரு தரப்பிலும் ஓர் ஆள் வைத்து எண்ணிக்கொண்டால் சமையல்காரரோடு பிறகு வாக்குவாதம் வராது.

மோதிர அளவை மாலையில் எடுங்கள், சென்னை வெயிலில் விரல் காலையைவிட மாலையில் சற்றுப் பருத்திருக்கும். விரல் முட்டியைத் தாண்டி இறங்க வேண்டும். சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தைப் பின்னால் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ முடியாது. 22 காரட் என்றால் 916 முத்திரையோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யுஐடி (நகையின் தனி அடையாள) குறியீடும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் அது இல்லாமல் விற்கக் கூடாது. பில்லில் எடை, சேதாரம், செய்கூலி தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

லக்னப் பத்திரிகையை நாலு ஓரமும் மஞ்சள் தடவிச் சபையில் உரக்கப் படிப்பார்கள். தாத்தா பெயர் முதல் முகூர்த்தத் தேதி வரை அதில் வரும். இனிஷியல் தப்பாக இருந்தாலும் பெயர் விடுபட்டாலும் அங்கேயே ஒரு முணுமுணுப்பு எழும். முந்தைய வாரமே இரு அப்பாக்களும் வரைவைப் பார்த்துச் சரிசெய்துவிட வேண்டும். தேதி அதில் வருவதால் கல்யாண மண்டபத்தை நிச்சயத்துக்கு முன்பே பிடித்தாக வேண்டும். தை, வைகாசி, ஆவணி ஞாயிறுகள் ஆறேழு மாதத்துக்கு முன்பே போய்விடும்.

கல்லூரி செட் நண்பர்களுக்கு ஒரு பொறுப்பைக் கையில் கொடுங்கள். வண்டி ஏற்பாடு, தட்டு எண்ணிக்கை, பெரியவர்களை அழைத்து வந்து உட்கார வைப்பது என்று எதுவாகவும் இருக்கலாம். எல்இடி திரையில் ஓடப்போகும் படங்களை மட்டும் அவர்களிடம் விட்டுவிடாதீர்கள். இரண்டாம் வருடம் ஊட்டி டூர் போன படத்தைப் பார்த்ததும் பெரியப்பா மனசுக்குள் வருடத்தைக் கூட்டிப் பார்ப்பார், அம்மாவின் பழைய காயம் கிளறப்படும். இருவரும் சேர்ந்து பார்த்துத் தேர்ந்த படங்கள் மட்டும் ஓடட்டும். பட்டமளிப்பு விழாப் படம் ஒன்று போதும், அதில் இரு வீட்டாரும் ஒரே சட்டகத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே மூன்று முதல் ஆறு மாதம் என்பது வழக்கம். பையன் வேலையில் காலூன்ற அவகாசம் வேண்டுமென்றால் ஒரு வருடம் வரை கேட்கலாம், ஆனால் அதைத் தட்டு மாற்றுவதற்கு முன்பே கேட்டு முடிக்க வேண்டும். சட்டப்படி நிச்சயம் திருமணம் ஆகாது. அன்றைக்குப் போட்ட நகை, கொடுத்த பணம் எல்லாவற்றையும் இரு வீட்டிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வரதட்சணை என்ற பெயரில் எதுவும் அந்தத் தாளில் வரக் கூடாது. கேட்பது மட்டுமல்ல, கொடுப்பதும் 1961 சட்டப்படி குற்றம். கல்யாணம் முடிந்ததும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், தமிழ்நாட்டில் எல்லா மதத்தாருக்கும் அது கட்டாயம். பதிவுக்குக் கல்யாணப் பத்திரிகையும் கேட்பார்கள் என்பதால், பத்திரிகை அச்சடிக்கக் கொடுக்கும்போதே ஆதாரில் உள்ளபடி இருவர் பெயரும் இனிஷியலும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.